பூமிக்கு அடியில் நைனா கட்டிய சுவர்கள்

எங்கள் வீட்டில் பாத்திரங்களை உயரத்தில் வைக்கமாட்டார்கள். பித்தளைக் குடம், சொம்பு, அண்டா எல்லாம் தரையில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல்தான் இருக்கும். கண்ணாடி டம்ளர் வாங்கிய ஞாபகமே இல்லை. கல்யாணமாகி பெங்களூருக்கு வந்த பிறகுதான், ஒரு வீட்டில் அலமாரி நிறைய எவர்சில்வர் பாத்திரத்தைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்துவிட்டு அதற்குக் கீழேயே குழந்தையைத் தூங்கப் போடுவார்கள் என்று பார்த்தேன். முதல் சில மாதம் என்னால் அந்த அறையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீட்டில். எங்கள் காலுக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுரங்கம். அங்கே பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டில் ஓடு அதிரும். ‘பர்ஸ்ட்’ என்போம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கும் அந்தச் சொல் தெரியும். சின்ன பர்ஸ்ட் என்றால் தூரத்தில் லாரி போவது போல ஒரு உறுமல், அவ்வளவுதான். அம்மா அடுப்பிலிருந்து தலை தூக்கி, சாக்கின் மேலிருக்கும் சொம்பில் தண்ணீர் ஆடுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார். எந்த ஷிப்ட், யார் யார் வீட்டு ஆம்பிளைகள் கீழே இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

1971 நவம்பர் கடைசியில் வந்தது பெரியது. எனக்கு ஏழு வயது. நைனாவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட். நல்லவேளையாக வீட்டில் இருந்தார். (எங்கள் ஊரில் அப்பாவை நைனா என்போம், அப்பாவின் அம்மாவை ஆயா என்போம். வடாற்காட்டிலிருந்து கூடவே வந்த சொற்கள்.) வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. லைன் முழுக்கப் பெண்கள் ஓடினார்கள். ஓடிய திசை ஒன்றுதான், சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறு மாதிரியான ஷாப்ட் இருக்கும் திசை. அம்மாவும் ஓடினார், நைனா வீட்டில் இருந்தும். எதற்கு ஓடினீர்கள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். “பக்கத்து வூட்டுக்காரி ஓடறா, நான் குந்திகினு இருப்பேனா?” என்றார்.

பாறை ஏன் வெடிக்கிறது என்பதை நைனா எனக்கு ஒரு வேர்க்கடலையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வறுத்த கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று பட்டென்று ஓடு உடைந்து பருப்பு என் முகத்தில் வந்து விழுந்தது. “இதான் பர்ஸ்ட். மெத்துன்னு இருக்கிற மண்ணு அமுங்கிப்போவும். கெட்டிப் பாறை அமுங்காது. தாங்கும், தாங்கும், ஒரே நாள்ல தெறிச்சிடும்” என்றார்.

இதை இன்று கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன். அந்தப் பாறை கனமானது. ஒரு கன மீட்டர் இரண்டே முக்கால் டன்னுக்கு மேல் இருக்கும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தின் மேல் எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பாறை உட்கார்ந்திருக்கிறது. இருபது டன் எடையுள்ள லாரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நானூறு அடுக்கினால் அந்த எடை வரும். பூமி அதைக் கோடிக்கணக்கான வருடமாகச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாம் போய் நடுவில் ஒரு பொந்து தோண்டுகிறோம். பொந்து தாங்காது. அது தாங்கவேண்டிய பாரமும் சேர்ந்து பொந்தின் ஓரங்களுக்கும், விட்டுவைத்த தூண்களுக்கும் போய்விடும். அந்த ஓரத்தில்தான் மனிதன் நின்று துளை போடுகிறான்.

நைனா தங்கம் எடுத்தவர் இல்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் புரிவதில்லை. “கேஜிஎஃப்ல வேலையா, அப்போ தங்கம் வெட்டினாரா?” என்பார்கள். அவர் தங்கம் எடுத்த இடத்தில் கல் வைத்தவர். 1953-ல் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை பெரும்பாலும் அவர் செய்தது அதுதான். தங்கம் கலந்த வெள்ளைக் குவார்ட்ஸ் பாறை அங்கே அகலமாகக் கிடையாது. நாலைந்து அடி அகலத்தில், சுவருக்குள் செருகிய பலகை மாதிரி, ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே போகும். அதை வெடிவைத்து எடுத்துவிட்டால் இரண்டு பக்கப் பாறைக்கும் நடுவில் பலகையின் வடிவத்திலேயே ஒரு வெற்றிடம். அந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கப் பார்க்கும். நெருங்காமல் நடுவில் முட்டுக் கொடுக்கவேண்டும். ஆரம்பத்தில் மரத்தை வைத்துப் பார்த்தார்கள். மரம் நசுங்கிப்போகும், தீப்பிடிக்கும், உளுத்துப்போகும். அதனால் கருங்கல்லுக்கு மாறினார்கள். பக்கத்துக் குன்றுகளில் வெட்டிய கல்லை, லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கும் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கி, வெற்றிடத்துக்குள் அடர்த்தியாக அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். பின்னால் கான்கிரீட்டும் வந்தது.

மேலே கொண்டுவந்த ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் புத்தகம் இருந்தது. கீழே இறக்கிய கல்லுக்கு அப்படி யாரும் கணக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கல் இல்லாமல் இந்தத் தங்கம் இல்லை.

கீழே போவதைப் பற்றி நைனா அதிகம் பேசமாட்டார். கேட்டால்தான் சொல்வார். கிஃபோர்ட் ஷாப்டில் கூண்டு ஒரே இறக்கமாக ஆறாயிரத்து அறுநூறு அடி போகும். அந்தக் காலத்தில் ஒரே இழுப்பில் அவ்வளவு ஆழம் போகும் ஷாப்ட் உலகத்திலேயே மிகச் சிலதான். அதோடு முடியாது. அங்கே இறங்கி, நடந்து, உள்ளேயே வெட்டிய இன்னொரு ஷாப்டில் ஏறி இன்னும் கீழே. நூறு அடிக்கு ஒரு லெவல் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். தொண்ணூறைத் தாண்டிய லெவல்களில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். கையை வைத்தால் சோற்றுப் பானையைத் தொட்டது மாதிரி இருக்கும் என்பார். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்புவார்கள். அது அங்கே வந்து சேரும்போது குளிர் என்று சொல்ல முடியாது, மூச்சு விட முடியும், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் ம்போனெங் சுரங்கம் இன்று நாலு கிலோமீட்டர் ஆழம் போயிருக்கிறது. அங்கே பனிக்கட்டிக் கூழைக் குழாய் வழியாகக் கீழே அனுப்பிப் பாறையின் சூட்டைத் தணிக்கிறார்கள் என்று படித்தபோது, நைனா இருந்தால் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சுவரையும் தட்டிப் பார்ப்பார். கீழே ஷிப்ட் ஆரம்பித்ததும் செய்யும் முதல் வேலை அது: நீளமான இரும்புக் கம்பியால் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டவேண்டும். கணீர் என்றால் பாறை பிடிப்போடு இருக்கிறது. தொப்பென்று மண்பானைச் சத்தம் வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் நெம்பித் தள்ளிவிட்டுத்தான் அடியில் போகவேண்டும். முப்பத்தைந்து வருடம் தட்டிய கை சும்மா இருக்குமா? கோயில் தூண், ஆஸ்பத்திரிச் சுவர், பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் முட்டியால் ஒரு தட்டு. சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அதன்மேல் சாய்வார்.

தாத்தா 1920களில் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். நிலம் கிடையாது. ஊரில் தெருவும் கிணறும் தனி. தங்கவயலுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான்: வடாற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரி. கம்பெனிக்காரன் கொடுத்த வீடு மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறை. ஆனால் மாதம் பிறந்தால் கையில் காசு. ஊரில் யாருக்கும் குனிந்து நிற்கவேண்டாம். ஆயா அடிக்கடி சொல்வது இதுதான்: “சாவு வரும்னு தெரியும். ஆனா இங்க செருப்பு போட்டுகினு நடக்கலாம்.” நான் இதை முதலில் கேட்டபோது சின்னப் பெண், ஒன்றும் விளங்கவில்லை. இன்று இந்த ஒரு வரியைத் தாண்டி தங்கவயலைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அந்தச் சனங்கள்தான் 1930-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்காக இல்லை. தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டு மொத்தச் சுரங்கமும் நின்றுபோனது. ஏறத்தாழ மூன்று வாரம். கடைசியில் இறங்கி வந்தது கம்பெனிதான். தாத்தாவுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை, பௌத்த சங்கத்தில் கற்றது. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்தவர்கள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் வைத்து, அச்சகம் வைத்து, ராத்திரியில் படிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். பண்டிதர் நடத்தி, அவர் மறைந்தபின் நின்றுபோயிருந்த ‘தமிழன்’ பத்திரிகையை 1926-ல் ஜி. அப்பாதுரையார் மறுபடி தொடங்கி நடத்தியதும் இங்கிருந்துதான். சுரங்கம் என்றால் தங்கம் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் தாத்தாவுக்கு அந்தப் பூமி கொடுத்தது எழுத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெங்களூரில் விளக்கு எரிவதற்கும் இந்தச் சுரங்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுரங்கம் ஆழமாகப் போகப்போக நீராவி எந்திரத்துக்கு நிலக்கரியும் விறகும் கட்டுப்படியாகவில்லை. மைசூர் சமஸ்தானம் காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டியது. 1902-ல் அங்கே எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி வழியாக நேராகத் தங்கவயலுக்கு வந்தது. அன்று உலகத்தின் மிக நீளமான மின்கம்பிப் பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கும் மூன்று வருடம் கழித்து, 1905-ல். பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கியதும் சுரங்கத்துக்காகத்தான். நம் வேலூர்ப் பக்கம் மணலாக வந்து சேரும் அதே பாலாறு.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

1960களில் நைனா வேலைக்குப் போகும்போது கூண்டில் அவர்களோடு சில படித்த இளைஞர்களும் இறங்குவார்கள். பம்பாயிலிருந்து வந்தவர்கள், கூடவே ஜப்பான்காரர்கள், வெள்ளைக்காரர்கள். ஹீத்கோட் ஷாப்ட் பக்கம், இரண்டேகால் கிலோமீட்டருக்கும் ஆழத்தில் அவர்களுக்கு ஒரு அறை இருந்தது. நைனா அதைப் பற்றி வீட்டில் வந்து சொன்னதை அம்மா அப்படியே சொல்லிக் காட்டுவார்: “கீழ ரூம்ல குழாய் குழாயா விளக்கு வச்சிகினு குந்தியிருக்காங்க. விளக்கு எரியாது. ஏதோ ஒண்ணு வந்தா எரியுமாம். அது வருதான்னு பாத்துகினே இருக்காங்க.”

அது வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. இயற்பியலாளர்கள் எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அதில் இருந்தார்கள். ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே ஹோமி பாபா சொல்லி இந்தச் சுரங்கத்துக்குள் காஸ்மிக் கதிர்களை அளக்க வந்தவர். வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் மழையாக நம்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆழம் போகப்போகப் பாறை அவற்றை வடிகட்டிவிடும். ஒவ்வொரு லெவலாகக் கருவியை இறக்கி அளந்துகொண்டே போனார்கள். ரொம்ப ஆழத்தில் ஒரு இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூட வரவில்லை. முழு அமைதி. அந்த அமைதிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஏனென்றால் எப்போதாவது ஒன்று மோதுவதைத் தவிர, எந்தப் பாறையையும் ஊடுருவிப் போய்விடும் நியூட்ரினோ என்ற துகள் உண்டு. மற்ற இரைச்சல் எல்லாம் அடங்கிய இடத்தில்தான் அதன் தடம் தெரியும். 1965-ல் அந்த நியான் குழாய்கள் எரிந்தன. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ ஒன்று பாறையில் மோதி விட்ட தடத்தை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அதே மாதத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றுக்குள் இதையே தேடிக்கொண்டிருந்த அமெரிக்கக் குழுவும் தங்கள் முடிவை வெளியிட்டது. இரண்டும் தங்கச் சுரங்கம். மனிதனை அங்கே அவ்வளவு ஆழம் போகவைத்தது தங்கம்தான்.

1980களில் அணுவின் கருவுக்குள் இருக்கும் புரோட்டான் என்ற துகள் சிதைகிறதா என்று பார்க்க அங்கேயே இன்னும் பெரிய கருவி வைத்தார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் எடுத்ததற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் அதுதான் உண்மை. பாடப்புத்தகத்தில் நியூட்ரினோ என்று படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தவர்கள்தான். அந்த அறை இடிந்து விழாமல் நின்றது நைனா மாதிரி ஆட்கள் பாறையைத் தட்டிப் பார்த்து, முட்டுக் கொடுத்து வைத்ததால்தான். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர்கள் பெயர் வராது. வரவேண்டும் என்றும் நைனா நினைத்ததில்லை. நான் நினைக்கிறேன்.

பர்ஸ்டும் ஒரு படிப்பாக மாறியது. பாறை வெடிப்பை அளக்க நிலநடுக்கக் கருவிகள் வந்தன. 1970களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையம் சுரங்கத்தைச் சுற்றி உணர்கருவிகளைப் பதித்து, எந்த லெவலில் எந்த மூலையில் பாறை முனகுகிறது என்று மேலிருந்தே கணக்குப் போட ஆரம்பித்தது. 1988-ல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே பிறந்தது. இன்று நாட்டில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும்போதும், பூமிக்குள் மின்நிலையம் கட்டும்போதும் பாறை என்ன செய்யும் என்று சொல்கிறவர்களின் படிப்பு இங்கே, எங்கள் வீட்டுச் சொம்புத் தண்ணீர் ஆடிய இடத்தில் தொடங்கியது.

தங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 வரைக்கும் எடுத்தது 800 டன்னுக்கு மேல். பவுனில் சொன்னால் பத்துக் கோடி. இதற்காக மேலே ஏற்றிய பாறை ஐந்து கோடி டன். ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசியில் மூன்று நாலு கிராம்கூடத் தேறவில்லை. அதாவது ஒரு பவுனுக்கு இரண்டு டன்னுக்கு மேல் பாறை. நகைக்கடையில் சேதாரம், செய்கூலி என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு டன் கண்முன் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தங்கம் லண்டனுக்குப் போனது. 1956-ல் மைசூர் அரசும் 1962-ல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு நாட்டுக்கு வந்தது. பல வருடம் வெளிச் சந்தையைவிடக் குறைந்த விலைக்கே அரசு எடுத்துக்கொண்டு, அப்புறம் சுரங்கம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று பேச்சு வந்ததை நைனா கடைசிவரை ஏற்கவில்லை. 1991-ல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்ததே, அந்தச் செய்தி வந்த நாளில் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். “வூட்ல கஷ்டம்னா பொண்டாட்டி வளையலத்தான வைக்கணும்” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அவர் குரலில் வருத்தமும் பெருமையும் கலந்திருந்தது.

இருமல் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கருங்கல்லை வெற்றிடத்துக்குள் இடைவெளி இல்லாமல் உட்கார வைக்கவேண்டும் என்றால் உளியால் கொத்திச் சரிசெய்யவேண்டும். கொத்தினால் தூசு. பக்கத்தில் துளை போடுகிறவன் எழுப்பும் குவார்ட்ஸ் தூசு வேறு. தண்ணீர் விட்டுத் துளைக்கும் முறை வந்த பிறகு குறைந்தது, ஒழியவில்லை. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்ற சொல் எங்கள் ஊரில் காய்ச்சல், சளி மாதிரி எல்லோர் வாயிலும் வரும். 1940களிலேயே இங்கே ஏழாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது. இந்தியாவில் அந்த நோயை முதலில் முறையாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று தங்கவயல்.

நைனாவை நான் பெங்களூருக்கு அழைத்துவந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். எட்டு மாதம் மருந்து சாப்பிட்டார். வயிறு புண்ணானது, கண் மங்கியது, இருமல் நிற்கவில்லை. பிறகு வேறொரு இடத்தில் வயதான டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்ட முதல் கேள்வி: “ஐயா எங்கே வேலை பார்த்தீங்க?” அந்த ஒரு கேள்வியை எட்டு மாதத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் குவாரி, கல் உடைப்பு, சிலை செதுக்குதல், போர்வெல் என்று எந்தத் தூசு வேலை செய்தவர் இருந்தாலும், டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நைனா அப்போது ரிட்டையர் ஆகிப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் என் தம்பி வேலையில் இருந்தான். அவனைப் போல மூவாயிரம் பேருக்கு மேல். அதன் பிறகு விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஏறி பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போய்விட்டு ராத்திரி திரும்பும் ஊராக தங்கவயல் மாறிவிட்டது. தம்பியும் அந்த ரயிலில்தான் இருபது வருடம் போய்வந்தான். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் போனவனுக்கு பெங்களூரில் ஒரு ஏடிஎம் வாசலில் நாற்காலி.

தண்ணீரை இறைக்கும் பம்பை நிறுத்தினால் சுரங்கம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடி லெவலிலிருந்து நீர் ஏறத் தொடங்கியது. நைனா கட்டிய சுவர்கள் எல்லாம் இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. அதைக் கேட்டு அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். “தண்ணி ஒண்ணும் பண்ணாது. கருங்கல்லுதான” என்றார்.

மேலே மிச்சமிருப்பது சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய மண். பதின்மூன்று மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது. காற்றுக் காலத்தில் அந்தச் சாம்பல் நிறத் தூசு துணியில், சோற்றில், குழந்தையின் கண்ணிமையில் எல்லாம் படியும். அந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. 2024-ல் அதை மறுபடி எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்தது. ஊரில் பலருக்கு இதில் நம்பிக்கை. வேலை வரும் என்கிறார்கள். வரட்டும், நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் மூன்று கோடி டன் மாவு மண்ணைக் கிளறும்போது முதல் நாளிலிருந்தே தூசுக்கு வழி செய்யவேண்டும். வேலைக்கு எடுக்கிறவர்களின் நுரையீரலை முதலில் படம் எடுத்து வைக்கவேண்டும். வேலையை விட்டுப் போன பிறகும் பார்க்கவேண்டும். லைன் வீடுகளில் நாலு தலைமுறையாக இருப்பவர்களைக் காலி பண்ணச் சொல்லாமல் இருக்கவேண்டும். இதில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய விஷயம் இல்லை. எங்கள் ஊரில் எண்பது வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்ட விஷயம்.

நைனா 2006-ல் போய்விட்டார். அதற்கு மூன்று வருடம் முன்னால் நாங்கள் பெங்களூரில் இரண்டாவது மாடியில் ஒரு பிளாட் வாங்கினோம். பால் காய்ச்சும் அன்று வந்தார். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கூடத்தின் நடுத் தூணுக்கு நேராகப் போய் முட்டியால் மூன்று இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாத்திரத்த மேல வச்சிக்கோ” என்றார். அதற்குப் பிறகுதான் என் வீட்டில் அலமாரி வந்தது.

மெஜஸ்டிக்கில் மெட்ரோ பூமிக்குள் ஓட ஆரம்பித்தபோது அவர் இல்லை. இறங்கும் படிகளில் எனக்கு எப்போதும் அவர் ஞாபகம் வரும். கோலாரிலிருந்து தம்பி பேத்தியோடு வந்திருந்தபோது மூன்று பேரும் அங்கே வண்டிக்குக் காத்திருந்தோம். பேச்சு நடுவில் தம்பி சுவர் பக்கம் போய் முட்டியால் தட்டுவதைப் பார்த்தேன். அவனுக்கும் அந்தப் பழக்கம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். நானும் போய்த் தட்டினேன். ஓடு பதித்த சுவர். ஓட்டுச் சத்தம்தான் வந்தது. உள்ளே இருக்கும் பாறையின் சத்தம் வெளியே கேட்கவில்லை. குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் வந்து தட்டியது.